சிங்கப்பூர் – கோலாலம்பூர்: 300 கிலோமீட்டர் பறக்க ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல்?

நீண்ட வாரயிறுதி. கோலாலம்பூர் போகலாமா என்று வீட்டில் பேச்சு. "ஃபிளைட்ல ஒரு மணி நேரந்தானே" என்கிறார் அண்ணன். "பஸ்ஸே போதும்" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?

சாங்கிக்கும் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டருக்குமேல் பறக்கும் ஜெட் விமானத்துக்கு அது 25 நிமிட வேலைகூட இல்லை. ஆனால் உங்கள் பயணச்சீட்டில் ஏறக்குறைய 1 மணி 10 நிமிடம் என்று இருக்கும்.

மீதி நேரம் எங்கே போச்சு?

சீட்டில் இருப்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை உள்ள மொத்த நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதில் அடங்கும். தாமதத்தைச் சமாளிக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைச் சேர்த்தும் வைக்கின்றன. வானில் இருப்பது முக்கால் மணி நேரம் போலத்தான்.

அதிலும் முழு வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே விமானங்கள் பொதுவாக மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே இறங்கவும் தொடங்கவேண்டும். (தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இருக்கை வாரை மாட்டச் சொல்வார்களே!)

திருச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர், அதாவது பத்து மடங்கு தொலைவு. பயண நேரமோ 4 மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். நான்கு மடங்குகூட இல்லை! ஊர்வதும் ஏறுவதும் இறங்குவதும் இரண்டுக்கும் பொது. பயணம் குறுகியதாக இருக்கும்போது அவையே பாதி நேரத்தைத் தின்றுவிடுகின்றன.

இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். சாங்கிக்குப் போக முக்கால் மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். அங்கே இறங்கிக் குடிநுழைவைக் கடக்க அரை மணி நேரம். பிறகு கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் இன்னொரு அரை மணி நேரம். ஐந்து மணி நேரம் ஓடிவிட்டது. சாலைவழி சுமார் 350 கிலோமீட்டர். பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் பேருந்தும் ஐந்தாறு மணி நேரத்தில் சேர்த்துவிடும்.

ஆக, அம்மா சொன்னது அவ்வளவு தப்பில்லை. ஆனால் பள்ளி விடுமுறையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இழுபறிக்குத் தீர்வாகப் பேசப்பட்டது அதிவேக ரயில். 90 நிமிடப் பயணம், அதுவும் நகரத்திலிருந்து நகரத்துக்கு. 2020 இறுதியோடு அந்த ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. இத்தனைக்கும் இந்த வழித்தடத்தில் ஓராண்டில் 30,537 விமானச் சேவைகள் இருந்ததாக ஓஏஜி நிறுவனம் 2018இல் கணக்கிட்டது. அனைத்துலக வழித்தடங்களில் அப்போது அதுவே உலகில் முதலிடம்.

வானில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் பிடிக்கலாம். 2024 ஆகஸ்ட்டில் சுபாங் விமான நிலையத்துக்கு வணிக ஜெட் விமானங்கள் திரும்பின. அடுத்த மாதமே ஸ்கூட் அங்கு சேவை தொடங்கியது. கேஎல்ஐஏயைவிட 40 கிலோமீட்டர் கூடுதலாகப் பறக்கவேண்டும். ஆனால் கேஎல்ஐஏயிலிருந்து நகரம் 50 கிலோமீட்டருக்குமேல். சுபாங்கிலிருந்து 20 சொச்சம்தான்.

பெட்டாலிங் ஜெயாவில் சொந்தக்காரர் வீட்டுக்கா போகிறீர்கள்? டிக்கெட் போடுமுன் எந்த விமான நிலையம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.