சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்த இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை திருப்பலியில் கேட்டிருக்கிறோம். அவர் பரிவு கொண்டது, காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டியது, தம் விலங்கின்மீது ஏற்றிச் சென்றது ஆகியவற்றை மறையுரைகள் விரிவாகச் சொல்கின்றன. மறுநாள் காலையில் நடந்ததை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. அவர் இரண்டு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றார்.

நோயுற்றவருக்கான செலவு யாருடையது என்ற கேள்வி அந்த உவமைக்குள்ளேயே இருக்கிறது. சாவடி காசு வாங்கி நடக்கும் ஒரு தொழில்தான். சமாரியர் அதைக் குறை சொல்லவில்லை, பயன்படுத்திக்கொண்டார். ஆனால் அவர் மூன்று காரியங்களைச் செய்தார். காயம்பட்டவரைச் சாவடி வரை தாமே கொண்டு சேர்த்தார். முன்பணம் கொடுத்தார். மீதிச் செலவுக்கு வரம்பு வைக்கவில்லை. இன்று நம் நாட்டில் மருத்துவத்தைச் சந்தையிடம் விடலாமா, அரசே நடத்த வேண்டுமா என்று கட்சிகள் பேசும்போது, இந்த மூன்றையும் மனத்தில் வைத்து நாம் கேட்பது நல்லது.

சந்தையை நம்புவோர் சொல்வது

சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிப்பவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். அரசு மருத்துவமனை கட்டி நடத்துவதைவிட, ஏழையின் சார்பில் பணம் கட்டுவதே சிறந்தது என்கிறார்கள் அவர்கள். நோயாளி தமக்குப் பிடித்த மருத்துவமனைக்குப் போகட்டும், மருத்துவமனைகள் ஒன்றோடொன்று போட்டியிடட்டும், அப்போது தரம் உயரும், வீண்செலவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. காப்பீட்டுத் துறை 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனியாருக்குத் திறக்கப்பட்ட பின் இந்தச் சிந்தனை நம் நாட்டில் வேரூன்றியது. மாவட்ட மருத்துவமனைகளின் ஒரு பகுதியைத் தனியாருக்கு 30 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்று 2017இல் நிதி ஆயோக் மாதிரி ஒப்பந்தம் ஒன்றையே முன்வைத்தது.

இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. இதய அறுவைச் சிகிச்சையைக் கனவிலும் நினைக்க முடியாத கூலித் தொழிலாளர்கள் காப்பீட்டு அட்டையோடு கோவைக்குப் போய்ப் பிழைத்து வந்திருக்கிறார்கள். தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைக்காசிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. அரசு கூடுதலாகச் செலவிட்டதும் இதற்கு முக்கியக் காரணம். ஆயினும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாயை நோயாளியின் குடும்பமே இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது.

அட்டையும் தலைவர் படமும்

மருத்துவக் காப்பீடு வாக்குகளைத் தரும் என்பதைக் கட்சிகள் விரைவிலேயே கண்டுகொண்டன. ஒன்றுபட்ட ஆந்திராவில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தொடங்கியது. 2009இல் அந்த அரசு மீண்டும் வெற்றி பெற்றபோது, அத்திட்டமும் ஒரு காரணம் என்று பலர் எழுதினார்கள். அதே 2009 ஜூலையில் தமிழ்நாட்டில் உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதை ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் நடத்தியது. 2011இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் நிறுத்தப்பட்டு, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. இம்முறை பொறுப்பு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தபோது இரண்டும் இணைக்கப்பட்டு, காப்பீட்டுத் தொகை 5 லட்சமானது. 2021இல் மீண்டும் ஆட்சி மாறியது. காப்பீடு தொடர்ந்தது, ஆனால் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட அம்மா மினி கிளினிக்குகள் முடிவுக்கு வந்தன.

அமெரிக்காவில் இன்னொரு விதமாக நடந்தது. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற யோசனையை 1989இல் முன்வைத்தது ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பழமைவாத ஆய்வு அமைப்பு. 2006இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி அதைச் சட்டமாக்கினார். 2010இல் ஒபாமா அதையே நாடு முழுவதற்கும் கொண்டுவந்தபோது, அதே குடியரசுக் கட்சி அதை எதிர்த்து நின்றது. நீக்க முயன்று 2017இல் செனட்டில் தோற்றது. அந்நாட்டு ஆயர்களின் நிலை இங்கே கவனிக்கத்தக்கது. எல்லோருக்கும் மருத்துவம் வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டவர்கள் அவர்கள். ஆயினும் கருக்கலைப்பு, மனச்சான்றின் உரிமை ஆகிய காரணங்களால் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர்கள் ஏற்கவில்லை. 2017இல் அதை மாற்ற வந்த செனட் மசோதாவையும், ஏழைகளின் மருத்துவ உதவியைக் குறைக்கிறது என்று சொல்லி, ஏற்க முடியாது என்றார்கள். அவர்கள் இரு கட்சிகளின் வரிசையிலும் போய் நிற்கவில்லை.

அங்கே திட்டம் யாருடையது என்பதைப் பார்த்து ஒரு கட்சி தன் கொள்கையையே மாற்றிக்கொண்டது. இங்கே கொள்கை ஏறக்குறைய ஒன்றுதான். அட்டையில் இருக்கும் பெயரும் படமும்தான் மாறின. தொகையிலும் போட்டி வந்தது. 2023இல் ராஜஸ்தான் அரசு காப்பீட்டை 25 லட்சமாக உயர்த்தியது. அவ்வாண்டு டிசம்பரில் அக்கட்சி தோற்றது. காப்பீட்டுத் தொகையைத் தேர்தல் மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். கீழ்கோத்தகிரியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருப்பார் என்று சொன்னால் யார் கைதட்டப் போகிறார்கள்? நம் வாக்குக் கேட்டு வருபவர்கள் எதைப் பேச வேண்டும் என்பதை நாமும் இப்படித்தான் தீர்மானித்துவிடுகிறோம்.

மலையில் அட்டை மட்டும் போதுமா?

கூடலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரியை நினைத்துப் பார்ப்போம். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. மாதந்தோறும் மாத்திரை வாங்க வேண்டும், இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் காப்பீடு முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. மாத்திரைக்கும் பரிசோதனைக்கும், ஊட்டி வரை 50 கிலோமீட்டர் பேருந்தில் போய்வரும் செலவுக்கும், இழந்த ஒரு நாள் கூலிக்கும் அது பதில் சொல்வதில்லை. சிறு நோயைக் கவனிக்க வழியில்லாமல் அது பெரிய நோயான பிறகுதான் அட்டைக்கு வேலை வருகிறது.

மேலும், வாங்க வருபவர் கையில் காசு இருந்தால் விற்பவர் தானே வருவார் என்பது சந்தையின் நம்பிக்கை. முந்நூறு குடும்பங்கள் வாழும் மலைச்சரிவுக்கு எந்த முதலீட்டாளரும் தீவிர சிகிச்சைப் பிரிவு கட்ட வருவதில்லை. அவர்களது கணக்கில் அது சரிதான். எனவேதான் நம் மலையில் பெரிய சிகிச்சை என்றால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவை என்பதே வழக்கமாயிற்று. மழைக்காலத்தில் பாதை சரிந்தால் அதுவும் இல்லை. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியும், 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனையும் அரசுப் பணத்தில் எழுந்தவை. சந்தை ஏறி வராத இடத்துக்கு அரசு வந்தது. அங்கே போதிய மருத்துவர்களும் மருந்துகளும் நிலையாக இருப்பதைக் கவனிப்பது இனி நம் எல்லோருடைய வேலை.

லைன் வீடுகளைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கூர்மையானது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தரும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மேல் வைத்தது. அதனால்தான் எஸ்டேட் மருத்துவமனைகள் இருந்தன. தேயிலை விலை வீழ்ந்த காலங்களில் அவற்றில் சில சுருங்கிப்போனதை நாம் கண்டிருக்கிறோம். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. இந்த வசதிகளை உரிமையாளர் தம் சொந்த வளத்திலிருந்தோ அரசுத் திட்டங்கள் வழியாகவோ தரலாம் என்கிறது புதிய ஏற்பாடு. விரும்பினால் ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் சேரலாம். நலிந்த தோட்டங்களுக்கு இது பாரத்தைக் குறைக்கும். தொழிலாளிக்கு வேறு மருத்துவமனைகளின் கதவும் திறக்கலாம். ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரி மூடிய பின் அருகில் எது இருக்கிறது? கோவை சிங்காநல்லூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, நள்ளிரவில் பிரசவ வலி வந்தவருக்கு அது வெகுதூரம். கடமை கைமாறும் இந்த நேரத்தில் அது நடுவழியில் விழுந்துவிடக் கூடாது என்பதே நம் கவலை.

ஐந்து ரூபாய்ச் சேமிப்பு

சந்தைக் கணக்கு மனித உடலுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு நம் மலையிலேயே ஒரு வரலாறு உண்டு. 1971இல் உபாசி அமைப்பு நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரிலும் மாதம் 5 ரூபாய் சேமிப்பாகப் போடப்படும். பிள்ளைகள் கூடினால் அதில் ஒரு பகுதி போய்விடும். பிரசவ உதவி, பிள்ளைக் காப்பகம், மருத்துவம் எல்லாம் உரிமையாளரின் செலவு என்பதால், பிள்ளை குறைந்தால் செலவு குறையும் என்ற பொருளாதாரம் அதன் பின்னால் இருந்தது. முதுமைக்குச் சேமிப்பு கிடைத்தது அப்பெண்களுக்கு உதவியாக இருந்திருக்கலாம். ஆனால் தாய்மை ஒரு செலவுக் கணக்காக எழுதப்பட்டது. வறுமையில் இருப்பவருக்கு முன்னால் காசை வைத்துவிட்டு, முடிவு உன்னுடையது என்று சொல்வது எவ்வளவு சுதந்திரமானது? ஏழையின் தெரிவு பற்றிப் பேசும் எல்லாத் திட்டங்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

கூடலூர் காட்டிய வழி

அப்படியானால் காப்பீடே கூடாதா? அப்படி இல்லை. கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், இருளர் ஆகிய பழங்குடி மக்கள் தங்கள் சங்கத்தின் வழியாக 1992லேயே காப்பீட்டைக் கையாண்டார்கள். சிறு தொகையைச் சேர்த்து, அரசுக் காப்பீட்டு நிறுவனத்திடம் குழுவாகக் காப்பீடு பெற்றார்கள். அதற்கு முன்பே, 1990இல், அஸ்வினி அமைப்பு அவர்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. அவர்களது ஊர்களிலிருந்தே நலப் பணியாளர்களும் செவிலியர்களும் உருவானார்கள். அரிவாளணு இரத்தசோகையை அங்கேயே கண்டறிந்து கவனித்தார்கள். மருத்துவமும், அதை நடத்தும் மக்களும் இருந்த இடத்தில் காப்பீடு பயன்பட்டது. வரிசையை நாம் கவனிக்க வேண்டும்: முதலில் மக்கள், பிறகு மருத்துவமனை, அதன் பிறகு அட்டை.

இதைத்தான் திருஅவையின் சமூகப் போதனை துணைநிலைக் கோட்பாடு என்கிறது. சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறிக்கக் கூடாது என்று திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் 1931இல் கற்பித்தார். மருத்துவ உதவி மனிதரின் உரிமைகளுள் ஒன்று என்று திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் எழுதினார். திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1991இல் சந்தையின் பயனை ஏற்றுக்கொண்டார். அதே மடலில், சந்தையில் இடம் கிடைக்காத மனிதத் தேவைகள் பல உண்டு என்றும் எச்சரித்தார். எல்லாவற்றையும் அரசே செய்யட்டும் என்பதும் நம் போதனையில் இல்லை. எல்லாவற்றையும் விலை தீர்மானிக்கட்டும் என்பதும் இல்லை.

நாம் செய்யக்கூடியது

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். அருட்சகோதரி மேரி குளோரி 1943இல் குண்டூரில் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்பு இன்று நாடெங்கும் பரந்திருக்கிறது. நம் நிறுவனங்களும் கட்டணம் வாங்குகின்றன. காப்பீட்டுத் தொகை போதாது என்றும் தாமதமாகிறது என்றும் ஏழையைத் திருப்பி அனுப்பும் நிலை நம் வாசலில் வந்தால், நாம் எந்தப் பக்கம் நிற்போம்? பங்குகளில் நோயாளர் நிதி என்று ஒன்று இருந்தால் இந்தக் கேள்விக்குச் செயலில் பதில் சொல்லலாம்.

அடுத்து, நம் அன்பியக் கூட்டங்களில் யாரிடம் காப்பீட்டு அட்டை இல்லை, யாருக்கு மாத மாத்திரை கிடைக்கவில்லை, மருத்துவமனைக்குத் துணைக்கு ஆளில்லாதவர் யார் என்று கேட்போம். கோவை வரை கூடப் போய்வர ஓர் இளைஞர் முன்வந்தால், சமாரியர் செய்த முதல் வேலை நடந்தாயிற்று.

மூன்றாவதாக, வாக்குக் கேட்டு வருவோரிடம் எத்தனை லட்சம் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரி என்ன ஆகும், அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் இரவில் யார் இருப்பார், ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்போம். எந்தக் கட்சியாக இருந்தாலும் அதே கேள்விகள்தான்.

அந்த வழியாகப் போன குருவும் லேவியரும் சாவடி இருப்பதை அறியாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அடிபட்டவர் கிடந்த இடத்திலேயே கிடந்தார். அவரைத் தூக்கிச் சென்றவரைக் காட்டித்தான், நீரும் போய் அப்படியே செய்யும் என்று ஆண்டவர் சொன்னார். அதைச் செய்யும் மனத்தை அவரிடமே கேட்போம்.