‘வெளியே சொல்லாதே’ என்பவர்களுக்கு

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருந்துக்கு முன்னால் ஒரு உத்தரவு வந்துவிடுகிறது: "வெளியே சொல்லாதே." அம்மாவுக்கு என்ன என்று கேட்டால் "லேசான கட்டி" என்கிறார்கள். அப்பாவுக்கு என்றால் "அல்சர்". அகரம் முத்தாலம்மன் திருவிழாவுக்கு வரும் சொந்தபந்தங்களிடமும் இதே கதைதான். இந்தப் பழக்கம் நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்பது என் கருத்து. எழுபதைத் தாண்டிவிட்டேன், சற்று உறைப்பாகவே சொல்கிறேன்.

மறைப்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் ஒதுக்கிவிடுமாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. அடுத்தது, வீட்டுப் பெண்ணின் கல்யாணம் தடைப்படும் என்பது. பரம்பரையாக வரும் புற்றுநோய் சிறு பங்குதான். பெரும்பாலானவை அப்படி வருவதில்லை. மூன்றாவது, "தெரிந்தால் மனசு உடைந்துவிடும்" என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்மையில் யாருடைய மனசைக் காப்பாற்றுகிறோம்? பெற்றவரின் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லாத நம் மனசைத்தானே?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்களும் இதில் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுடைய பத்திரிகைகளில் மரணச் செய்தி வரும்போது "நீண்ட நோய்க்குப் பிறகு" என்று போடுவார்கள். அது எந்த நோய் என்று வாசகருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லாமல் இருப்பதற்கு நாகரிகம் என்று பெயர்.

என் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தது. உறவினர்கள் கூடி, அவரிடம் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. அந்த வாக்குவாதம் முடிவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. வாசலில் "புற்றுநோய்ப் பிரிவு" என்று பெரிய எழுத்தில் பலகை. அப்பா நின்று படித்தார். "எனக்குத் தமிழும் படிக்கத் தெரியும், பிரெஞ்சும் படிக்கத் தெரியும்டா" என்றார். அன்று சாயங்காலமே தன் சிநேகிதர்கள் நால்வருக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்.

அந்த நால்வர்தான் எங்களைக் கரை சேர்த்தார்கள். ஒருவர் இரவில் துணைக்குப் படுத்தார். ஒருவர் தினமும் சலித்த கஞ்சி கொண்டுவந்தார். ஒருவர் பழைய பாக்கி, பத்திரம் எல்லாவற்றையும் அப்பாவோடு உட்கார்ந்து ஒழுங்கு செய்தார். நான்காமவர் எதுவும் செய்யவில்லை. சீட்டுக்கட்டோடு வந்து உட்கார்ந்து ஆடிவிட்டுப் போவார். அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்காகத்தான். மகனிடம் சொல்ல முடியாத பயத்தைச் சிநேகிதனிடம் சொல்லலாம். "அல்சர்" என்று நாங்கள் பொய் சொல்லியிருந்தால் இந்த நால்வரும் அரை டஜன் ஆரஞ்சோடு ஒரு தடவை வந்துபோயிருப்பார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்துத் தோழியரைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராக நிதி திரட்டி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தான். இன்றும் அந்த மருத்துவமனையின் பெயரோடு மாதர் சங்கத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. "தங்கைக்கு உடம்பு சரியில்லை" என்று அவர் மழுப்பியிருந்தால் அந்தக் கட்டடம் எழுந்திருக்குமா?

அதற்காகத் தண்டோரா போடச் சொல்லவில்லை. நோய் பெற்றவருடையது, செய்தியும் அவருடையது. யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். பிள்ளைகளாகிய நாம் அவருக்கு வந்த தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு ஒளித்து வைக்கிறோம். குமாஸ்தா வேலை பார்த்தவன் சொல்கிறேன்: கோப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினால் விவகாரம் தீர்ந்துவிடாது. நாள்தான் தள்ளிப்போகும். இந்த நோயில் நாள் தள்ளினால் உயிர் போகும்.

சிநேகிதர்களுக்கும் ஒரு வார்த்தை. "என் மாமாவும் இதே நோயில்தான் போனார்" என்று கட்டிலருகே உட்கார்ந்து சொல்லாதீர்கள். யாரோ சொன்ன மூலிகைக் கஷாயத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். கீமோ கொடுத்த பிறகு ஓரிரு வாரம் ரத்தத்தில் வெள்ளையணு குறைந்திருக்கும். அப்போது இருமலோடும் சளியோடும் போய் நலம் விசாரிக்காதீர்கள்.

செய்ய எத்தனையோ வேலை இருக்கிறது. கதிர்வீச்சு சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். நம் பக்கத்திலிருந்து மதுரை பாலரெங்கபுரம் போய்வர ஒரு பகல் போய்விடும். மகன் எத்தனை நாள் லீவு போடுவான்? திங்கட்கிழமை நான், செவ்வாய்க்கிழமை நீ என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அதற்கு வருமானச் சான்று வாங்க அலைய வேண்டும். அந்த அலைச்சலை நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள் ஏற்கலாம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறது. பல பேருக்கு இது தெரியாது. போய் விசாரித்துச் சொல்லுங்கள்.

ஆனால் இவற்றில் ஒன்றைச் செய்யவும் நமக்கு விஷயம் தெரிய வேண்டும். அதனால் அடுத்த முறை யாராவது உங்களிடம் "வெளியே சொல்லாதே" என்றால், திருப்பி ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பாவைக் கேட்டாயா?"