களிமண் கொடுங்கள், கண் திறக்கும்!

ஓவிய வகுப்பு! பெயர் பெரிது, நடப்பது என்ன? ஆசிரியர் கரும்பலகையில் மாம்பழம் ஒன்று வரைவார். நாற்பது பிள்ளைகளும் நாற்பது மாம்பழம் வரைவர். அச்சடித்தாற்போல் இருந்தால் பாராட்டு. அணுவளவு சாய்ந்தால் தலையில் குட்டு! நான் படித்த பள்ளியில் குட்டு வாங்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். தேர்வு நெருங்கினால் அந்த வகுப்பையும் கணக்குப் பாடம் விழுங்கிவிடும். மாம்பழம் வரையப் பழகினோம். மாம்பழத்தைப் பார்க்கப் பழகினோமா? இல்லை!

பார்க்கக் கற்றுத் தருவதுதான் கலைக் கல்வி. அதற்குக் கோடிப் பணம் வேண்டாம், கூடகோபுரம் வேண்டாம். சென்னைக் கடற்கரையில், வெயிலிலும் மழையிலும் விடுமுறையின்றி ஒரு வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. அதுதான் உழைப்பாளர் சிலை!

வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்தில் 1899இல் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் வெள்ளையர் வகித்த முதல்வர் பதவியை 1929இல் ஏற்ற முதல் இந்தியர். 1957 வரை அப்பொறுப்பில் இருந்தவர். அவருடைய சிலை 1959இல், குடியரசு நாளையொட்டி, கடற்கரையில் நிறுவப்பட்டது. மன்னனா அதில் நிற்கிறான்? மணிமுடி உண்டா? மாற்றாரை மிதிக்கும் குதிரை உண்டா? இல்லை! நான்கு உழைப்பாளிகள், ஒரு பாறை. அவ்வளவுதான்!

"ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிற்பமா? என்ன புரியும்?" என்று கேட்போர் உண்டு. ஐயா, வரலாறு புரியாமலிருக்கலாம், பாரம் புரியாதா? தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய கை அது! நின்றுபோன வண்டியைத் தள்ளிய கால் அது!

அழைத்துச் செல்லுங்கள். விளக்கவுரையைத் தொடங்கிவிடாதீர்கள்! சிலையைச் சுற்றி வரச் சொல்லுங்கள். முன்னே பார்க்கட்டும், பின்னேயும் பார்க்கட்டும். பிறகு கேளுங்கள்: "யாருக்கு வலி அதிகம்? எதைக் கண்டு சொல்கிறாய்?" ஒரு பிள்ளை முதுகைக் காட்டும், ஒன்று கெண்டைக்காலைக் காட்டும். எந்த விடையும் தவறல்ல. அடுத்து, நால்வர் நால்வராக அதே போல் நிற்கச் சொல்லுங்கள். பாதம் மண்ணில் அழுந்துவதையும், தோள் இறுகுவதையும், பக்கத்திலிருப்பவன் தளர்ந்தால் பாரம் தன்மேல் சாயும் என்பதையும் உடலே கற்பிக்கும்!

அதே கடற்கரைக்கு அதே சிற்பி தந்த காந்தியார் சிலையையும் காட்டுங்கள். இங்கே நால்வர் தள்ளுகின்றனர். அங்கே ஒருவர் நடக்கிறார். தள்ளும் கால் எப்படி, நடக்கும் கால் எப்படி? பிள்ளைகள் ஒப்பிடட்டும்.

பள்ளிக்குத் திரும்பியதும் கையில் களிமண் கொடுங்கள். வெண்கலச் சிலைக்கும் முதல் உருவம் மண்ணில்தானே பிறக்கிறது! "சிலையைப் போலவே செய்" என்று சொல்லிவிடாதீர்கள். மறுபடியும் மாம்பழக் கதையாகிவிடும்! "நீ பார்த்த உழைப்பாளியைச் செய்" என்று சொல்லுங்கள். மூட்டை தூக்கும் அப்பாவும், நாற்று நடும் அம்மாவும், வலை இழுக்கும் மாமனும் அந்தப் பிஞ்சு விரல்களில் உருவாவார்கள். கை கோணலாக இருக்கட்டும், கால் குட்டையாக இருக்கட்டும், மதிப்பெண் போடாதீர்கள்!

தந்தையின் தொழிலைச் சொல்லக் கூசித் தலை குனியும் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இன்றும் உண்டு. கூலி என்றால் இளப்பம் என்று ஊர் கற்றுக்கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கிறது: தன் அப்பனைப் போன்ற ஒருவன், அப்பனைப் போலவே முதுகு வளைத்து, வெண்கலத்தில், பீடத்தின்மேல்! அந்த ஒரு நொடியில் கண்ணும் திறக்கிறது, கூனும் நிமிர்கிறது. எந்தப் பாடநூல் இதைச் செய்யும்?

சென்னைக்கு வர இயலாத ஊர்களுக்கு நிழற்படம் போதும். களிமண்ணுக்கு உள்ளூர்க் குயவர் இருக்கிறார். வேண்டுவது ஆண்டுக்கு ஒரு நாள், வாரத்துக்கு ஒரு மணி, அதைக் கணக்குப் பாடத்துக்குக் களவு கொடுக்காத உறுதி!

பாறை பெரிதுதான். ஆசிரியர், பெற்றோர், அதிகாரி, ஆட்சி என நால்வரும் சேர்ந்து தள்ளினால் நகராதா என்ன? நகரும்! தோள் கொடுங்கள்!