இன்னும் ஈராண்டு எதற்கு?

எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்ற புளியங்குடி போன்ற ஊரில், கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் முடிக்கும் மாணவர் முன் இரு வழிகள் நிற்கின்றன. ஒன்று வேலை, மற்றொன்று முதுநிலைப் படிப்பு. 'பட்டம் இல்லாமலே வேலை கிடைக்கும்போது இன்னும் ஈராண்டு எதற்கு?' என்று வினவுவோர் உளர். அவ்வினாவுக்குத் தென்காசி மாவட்டத்திலேயே வலுவான சான்றும் உண்டு. மத்தளம்பாறையில் இயங்கும் சோகோ நிறுவனம், பள்ளிக்கல்வி முடித்தோருக்குத் தானே பயிற்சியளித்துப் பணியில் அமர்த்துகிறது. நிரல் எழுதக் கல்லூரிப் பட்டம் கட்டாயமன்று என்பதை அது மெய்ப்பித்துள்ளது. எனினும், நிரல் எழுதும் திறன் ஒன்று. கணினி அறிவியல் என்னும் துறை மற்றொன்று. முதுநிலைப் படிப்பு இரண்டாவதற்கு உரியது என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேலார்டு என்னும் சிற்றூரில் வளர்ந்தவர் கிளாடு சானன். அவர் 1937இல், தம் 21ஆம் அகவையில், மாசாசூசெட்சு தொழில்நுட்ப நிறுவனத்தில் முதுநிலைப் பட்ட ஆய்வேட்டை எழுதினார். மின்சுற்றில் இரு சாவிகளைத் தொடராக இணைத்தால், இரண்டும் மூடியிருக்கும்போதே மின்னோட்டம் பாயும். பக்க இணைப்பில் ஒன்று மூடியிருந்தாலே போதும். முன்னது 'உம்' என்னும் தருக்கம். பின்னது 'அல்லது' என்னும் தருக்கம். ஜார்ஜ் பூல் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த இயற்கணிதத்தை இவ்வாறு மின்சுற்றோடு பொருத்திக் காட்டினார் சானன். இன்றைய கணினிச் சுற்றுகளின் வடிவமைப்பு அந்த அடித்தளத்தின்மீதே எழுந்தது. முதுநிலைப் படிப்பு அவருக்கு அளித்தது ஒரு வினாவை நின்று ஆராய்வதற்கான காலம்.

நம் மாணவர்களுக்கு வினாக்கள் இல்லையா? நம் மொழியிலேயே உள்ளன. 'மரம்' என்று தேடுவோருக்கு 'மரங்கள்', 'மரத்தை', 'மரத்தினால்' என்பவையும் கிடைக்கவேண்டும். எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். புணர்ச்சி விதி கற்ற உங்களுக்கோ இவை ஒரே சொல்லின் வடிவங்கள். 'படி' என்றால் ஏணிப்படியா, அளக்கும் படியா, 'கற்பாயாக' என்னும் ஏவலா? இதனை இடமறிந்து உணரக் கணினிக்குக் கற்பிக்க, இலக்கணமும் கணிதமும் ஒருங்கே அறிந்தோர் தேவை. தமிழ் வகுப்பையும் கணினி வகுப்பையும் ஒருசேரக் கண்ட மாணவருக்கு இது கைக்கெட்டும் ஆய்வுக்களம்.

பொருள் வசதி பற்றிய தயக்கம் நியாயமானதே. வீட்டின் வருவாயை எதிர்நோக்கும் குடும்பத்திற்கு ஈராண்டு சிறிய காலமன்று. ஆயினும் வழிகள் உள்ளன. திருநெல்வேலியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் கணினித்துறை முதுநிலைப் படிப்புகளை நம் பகுதியிலேயே பயிலலாம். பொறியியல் பட்டதாரிகள் 'கேட்' தேர்வில் தகுதிபெற்று, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் முழுநேர எம்.டெக். பயின்றால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை பெறலாம். முதலில் பணியாற்றிவிட்டுப் பின்னர் படிப்பதும் இழுக்கன்று.

ஆனால், வேலை கிடைக்காத காலத்தைக் கழிப்பதற்காகவோ, பெயருக்குப் பின் ஓர் எழுத்தைச் சேர்ப்பதற்காகவோ முதுநிலைப் படிப்பில் சேர்வது பயன் தராது. அதனால் குடும்பத்தின் பொருளும் உங்கள் இளமையும் வீணாகும். ஆகவே மாணவர்களே, எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன், எந்த வினா உங்களை உறங்கவிடாமல் செய்கிறது என்று கேளுங்கள். அவ்வினா உங்களிடம் இருக்குமாயின், அந்த ஈராண்டு செலவன்று, முதலீடு.