பூட்டிய வாயில்



சில ஆண்டுகளுக்கு முன் சுசீந்திரத்திலிருந்து பீடச் சிறுவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனை காண அழைத்துச் சென்றேன். அன்று திங்கட்கிழமை, அங்கு வார விடுமுறை. "சுவாமி, நாளை வருவோமா?" என்றான் ஒருவன். மறுநாளோ பள்ளிக்கூடம். அடுத்த ஆண்டு அவன் குடும்பம் ஊர் மாறிற்று. முன்னரே விசாரியாத பிழை என்னுடையதே.

விடுமுறையில் பிள்ளைகளோடு புறப்படுவோருக்கு ஒரு சொல்: சந்தைக்கு நேரம் பார்க்க வேண்டும், அருங்காட்சியகத்துக்குக் கிழமை பார்க்க வேண்டும். தோவாளைப் பூச்சந்தை விடியற்காலையில் களைகட்டும். வெயில் ஏறினால் ஓய்ந்துவிடும். ஆகவே முதலில் அங்கே செல்லுங்கள். அதன் பின் அரண்மனை. 1956-இல் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் கேரள அரசே அதைப் பேணி வருகிறது. மரவேலைப்பாடுகளையும் வளாகத்து அருங்காட்சியகத்தையும் காண அரைநாள் ஒதுக்குங்கள். புனித தேவசகாயம் அரச பணியாற்றிய நாள்களை அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லலாம். திரும்புகையில் கோட்டாறு பேராலயத்தில் அவரது கல்லறையையும் காட்டலாம்.

அப்பேராலயத்தின் பாதுகாவலரான புனித சவேரியார் பிறந்த நவார் இன்று ஸ்பெயின் நாட்டில் உள்ளது. அந்நாட்டுக்குப் பயணம் போவோருக்கும் இதுவே விதி. மாட்ரிட் நகரின் ரெய்னா சோஃபியா கலைக்கூடம் செவ்வாயன்று திறவாது. பார்சலோனாவின் பொக்கேரியா சந்தை ஞாயிறன்று இயங்காது.

ஒரே நாளில் அனைத்தையும் காண விரையாதீர்கள். பிள்ளை ஒரு தூணருகே நின்று வினவினால், நீங்களும் நின்று விடை கூறுங்கள். அந்த நேரத்தையும் சேர்த்தே பயணத்தைத் திட்டமிடுங்கள்.