மேசை செய்பவருக்கு மேசை இல்லை

மார்ச் 19 வந்தால் நம் ஆலயங்களில் புனித சூசையப்பருக்கு மாலை சூட்டுகிறோம். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955ஆம் ஆண்டில் ஏற்படுத்திய தொழிலாளரான புனித சூசையப்பர் விழாவை மே முதல் நாளில் கொண்டாடுகிறோம். உழைப்பின் மேன்மை பற்றிய மறையுரையும் கேட்கிறோம். அவரது திருவுருவத்தின் ஒரு கையில் லீலி மலர் இருக்கிறது. சில ஆலயங்களில் மறு கையில் மூலைமட்டமும் இருக்கிறது. மலர் நம் கண்ணில் படுகிறது. மூலைமட்டம் ஏன் படுவதில்லை? அந்தப் பார்வைக் குறையைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன்.

சேலம் அஸ்தம்பட்டியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களும், அகன்ற திண்ணைகளோடு கூடிய ஓட்டு வீடுகளும் இருந்த பகுதி அது. இன்று அவை ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. கட்டுவதைக் குறை கூற நான் வரவில்லை. மக்கள் பெருகினால் வீடும் பெருகத்தான் வேண்டும். இடித்த வீட்டின் மரம் எங்கே போகிறது என்பதே என் கேள்வி.

பழைய ஓட்டு வீடு ஒன்றில் உத்தரம், கைமரம், தூண், நிலை, கதவு, சன்னல் சட்டம் என எத்தனை மரம்! தேக்கு, வேங்கை, வேம்பு, பூவரசு என எத்தனை வகை! செதுக்கு வேலை செய்த கதவும் தூணும் பழம்பொருள் வணிகர் கைக்குப் போகின்றன. செட்டிநாட்டு மாளிகைகளின் பர்மாத் தேக்கு காரைக்குடிக் கடைத்தெருவில் விலைக்கு நிற்பதைப் பலரும் பார்த்திருப்பர். வேலைப்பாடு இல்லாத கைமரத்தையும் உத்தரத்தையும் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அவற்றில் பெரும்பகுதி அடுப்புக்கே போகிறது. அறுபது, எழுபது ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் நின்று வெயிலையும் மழையையும் தாங்கிய மரம், ஒரு பிற்பகலில் சாம்பலாகிறது.

மரத்தை எரித்த அதே வீட்டார், புதுக் குடியிருப்புக்கு மரத்தூள் பலகையில் செய்த மேசை வாங்குகிறார்கள். மரச்சில்லுகளைப் பசையிட்டு அழுத்திய பலகை அது; அப்பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருளென உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அப்பலகை தண்ணீர் பட்டால் ஊதும். ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை பிடிப்பது அரிது. நல்லதை எரித்துவிட்டு நலிந்ததைக் காசு கொடுத்து வாங்குவதற்கு வளர்ச்சி என்றா பெயர்?

பழைய மரத்தின் அருமை அறிந்தவர் அதை எரிக்க மாட்டார். பச்சை மரம் உலரும்போது சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். பழைய கைமரமோ இவற்றையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டது. ஈரம் வடிந்து, காற்றோடு பழகி, இனி அசையேன் என்று நிற்கிறது. அசையாத பொருள் ஒன்று செய்ய அதைவிட ஏற்ற மரம் வேறில்லை. தச்சருக்கு முதலில் வேண்டிய அசையாத பொருள் எது? அவர் நின்று வேலை செய்யும் மேசை.

இரண்டு அங்குலத் தடிமனும் நான்கு அங்குல அகலமும் உள்ள கைமரங்கள் பன்னிரண்டை ஆறடி நீளத்தில் அறுத்து, இழைத்து, குத்துவாட்டில் அடுக்கி ஒட்டினால் ஏறத்தாழ இரண்டடி அகலமுள்ள மேற்பலகை கிடைக்கும். தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ எடையுள்ளது. ஆகவே இழைத்த பிறகும் இப்பலகை மட்டுமே 55 கிலோவுக்குக் குறையாது. இந்தக் கனம் வேண்டும்; இழைப்புளியைத் தள்ளும்போது மேசை நகரக் கூடாது. உத்தரத்தில் அறுத்த நான்கு கால்களைக் குறுக்குச் சட்டங்களோடு துளையும் கழுந்துமாகப் பூட்டி, ஆப்பு அடித்து இறுக்கினால் ஆணியே தேவைப்படாது. நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடமே மேசையின் உயரம். முன்பக்கத்தில் வைஸ் எனப்படும் திருகுப் பிடி ஒன்றைப் பொருத்தினால் போதும்.

அறுப்பதற்கு முன் காந்தத்தால் தடவி, உள்ளே புதைந்த ஆணிகளைப் பிடுங்க வேண்டும். ஒரே ஆணி வாளின் பற்களைத் தின்றுவிடும். மாவு கொட்டும் வண்டுத் துளைகள் உள்ள மரத்தை ஒதுக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும்; அதை உலர் நிலையில் தேய்த்துத் தூசியாக்கக் கூடாது. பழைய ரயில் கட்டைகள் கனமாய்க் கிடைக்கின்றன என்று ஆசைப்பட வேண்டாம்; அவற்றில் ஊறியுள்ள கிரியோசோட் எண்ணெய் உடம்புக்கு ஆகாது.

“நம் தச்சர்கள் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பிடித்தே கோவில் தேர்களைச் செய்தார்களே, மேசை எதற்கு?” எனச் சிலர் கேட்பர். அது அவர்களது திறமைக்குச் சான்று, மறுக்கவில்லை. அதுவே நமது அலட்சியத்துக்கும் சான்று அன்றோ? அலுவலகத்தில் கணக்கு எழுத வருபவருக்கு முதல் நாளே மேசையும் நாற்காலியும் போடுகிறோம். அந்த மேசையைச் செய்தவரோ முதுகு வளைந்து, முழங்கால் தேய்ந்து, அறுபது வயதிலும் தரையிலேயே குந்தியிருக்கிறார். மேசை செய்பவருக்கு மேசை இல்லை! இதைப் பண்பாடு என்று போற்றுவது எளிது, போற்றுபவரின் முழங்கால் வலிக்காத வரையில்.

“எந்திரம் வந்துவிட்ட காலத்தில் இழைப்புளி எதற்கு?” என்பார் வேறு சிலர். எந்திரம் வரட்டும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு பலகையை நேராக அறுத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தவற்றைத் தானே கண்டு திருத்தும்போது அடைகிற பொறுமையை எந்த எந்திரம் கற்றுத்தரும்?

உண்மையான தடை வேறு. கைவேலை தாழ்ந்தது என்ற எண்ணம் நம் நெஞ்சில் இருக்கிறது. அதற்குச் சாதியில் வேர் உண்டு. நம் திருமுழுக்குத் தண்ணீர் அந்த வேரை நனைத்ததே தவிர, அறுக்கவில்லை. சூசையப்பரின் பெயரைப் பிள்ளைக்கு ஆசையோடு சூட்டுகிறோம். அவரது தொழிலைப் பிள்ளை கேட்டால் கலங்குகிறோம். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் நாசரேத்தூரார் இயேசுவைக் குறித்து இடறல்பட்டபோது, முதலில் சொன்னது அவர் தச்சர் என்பதைத்தான். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அதே இடத்தில் இடறுகிறோம்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. 1981இல் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் எழுதிய உழைப்பு பற்றிய சுற்றுமடல், வேலையின் மதிப்பு முதன்மையாகச் செய்யும் மனிதரைச் சார்ந்தது என்கிறது. இயேசு தம் மண்ணக வாழ்வின் பெரும்பகுதியைத் தச்சு மேசையருகே உடலுழைப்பில் செலவிட்டார் என்பதையும் அது நினைவூட்டுகிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த ‘லவுதாத்தோ சீ’ மடல், பயன்படுத்தித் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த பின்பும், எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். அப்பத்துண்டுக்கு உள்ள மதிப்பு, நம் முன்னோரைக் காத்த கைமரத்துக்கு இல்லையா?

எனவே, பங்குப் பேரவைகளின் முன் ஒரு வேண்டுகோள். பழைய பள்ளிக் கட்டடமோ பங்கு இல்லமோ இடிக்கப்படும்போது, மரத்தை ஒட்டுமொத்தமாக ஏலம் விடாதீர்கள். ஒரு மேசைக்கான மரத்தை ஒதுக்குங்கள். பங்கில் உள்ள மூத்த தச்சரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, ஆசிரியர் என்று மரியாதை செய்து, இளைஞர்களோடு சேர்ந்து அதைச் செய்யச் சொல்லுங்கள். ஆண்களும் பெண்களும் கற்கட்டும். ஆலயத்தின் உடைந்த இருக்கைகளும் ஏழை வீட்டின் உடைந்த கதவும் அம்மேசையில் சீர்பெறட்டும். மே முதல் நாளில் மாலை சூட்டுவதோடு நில்லாமல், அன்று அம்மேசையை மந்திரித்து, அந்தத் தச்சரை அதன் முன் நிற்கச் செய்வோம். இனியேனும் அவர் நிமிர்ந்து நின்று வேலை செய்யட்டும்.