கார் ஷெட்டுக்குள் ஓவர்லாக்

"ஏனுங்ண்ணா, மெசினைத் தொட்டா சுருக்குங்குது. செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியறதில்ல. இது பெரிய விஷயமுங்களா?"

அமராவதி நகரிலிருந்து சித்தப்பா மகள் போனில் கேட்டாள். "பெரிய விஷயம்தான். மெயினை இறக்கிட்டு வெளிய வா. யாரும் உள்ளே போகவேண்டாம்" என்றேன். மறுநாள் காலை உடுமலை பஸ் ஏறிவிட்டேன்.

அமராவதி நகர் என்றால் அணையும் முதலைப் பண்ணையும் சைனிக் பள்ளியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். என் தங்கை திருப்பூர் பனியன் கம்பெனியில் பல வருஷம் ஓவர்லாக் அடித்தவள். பிள்ளைக்காக ஊர் திரும்பியவள், வீட்டோடு ஒட்டின கார் ஷெட்டில் இரண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பித்தாள். கார் வாங்கப்போகிறோம் என்று மாப்பிள்ளை ஆசையாகக் கட்டின ஷெட் அது. கார் இன்னும் வரவில்லை!

உள்ளே போய் பார்த்தால், ஷெட்டுக்கு வந்ததே போர்டிகோ லைட்டுக்குப் போகிற 1 ஸ்கொயர் எம்.எம். ஒயர். ஒரு டியூப்லைட்டுக்காக எப்போதோ இழுத்தது. அதே ஒயரில் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை மாட்டி, அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அந்தப் பாக்ஸிலிருந்து மூன்று மெசின், ஒரு அயர்ன் பாக்ஸ். பாக்ஸின் மேல் விரல் கனத்துக்குப் பஞ்சுத் தூசி.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். மெசினுக்கு 550 வாட் வீதம் மூன்றுக்கு 1,650. அயர்ன் பாக்ஸ் 1,000. ஃபேன், லைட் 200. மொத்தம் 2,850 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 12 ஆம்பியருக்கு மேல். முதலில் இருந்த 10 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுந்ததாம். விழத்தானே செய்யும்? அது தன் வேலையைத்தான் பார்த்தது. உள்ளூரில் ஒருவர் வந்து, "இது வீக்கா இருக்குங்க" என்று 32 ஆம்பியர் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதன் பிறகு விழவே இல்லையாம். ரொம்ப சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

எனக்கோ வயிறு கலங்கியது. எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கினால், ஒயர் சுவருக்குள் கொதித்தாலும் அது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பக்கத்தில் பஞ்சுத் தூசியும் கட்டிங் பீஸ் மூட்டையும்!

சரி, சுருக்கென்று இழுத்தது எதனால்? சாக்கெட்டைக் கழற்றினோம். மூன்று ஓட்டை இருக்கிறது. மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லை. எர்த் ஒயர் போர்டிகோவோடு நின்றுவிட்டது. இப்போது வரும் சர்வோ மோட்டார் பெட்டிகளில் ஃபில்டர் என்று ஒன்று இருக்கும். மோட்டார் நன்றாக இருக்கும்போதே அது வழியாகக் கொஞ்சம் மின்சாரம் பாடிக்குக் கசியும். எர்த் இருந்தால் அது பேசாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் நம் கால் வழியாகப் போகப் பார்க்கும். செருப்புப் போட்டால் தெரியாமல் போவது இதனால்தான். ஆனால், அந்தச் சுருக்கு ஃபில்டர் கசிவா, உள்ளே ஒயர் உரசி வந்த நிஜமான ஷாக்கா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் பையன் வெறுங்காலோடு ஓடிவந்து அம்மா மெசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா விழுந்துடாதா?" என்று மாப்பிள்ளையும் கேட்டார். விழாது. மார்பு வழியாக 0.1 ஆம்பியர் சில நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அந்த 0.1 கண்ணிலேயே படாது. மனுஷனைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற வேறு சாமான். போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 குறைந்தாலே கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிடும். ஆனால் ஓவர்லோடு அதற்குத் தெரியாது. அதனால் இரண்டும் வேண்டும்.

உடுமலையிலிருந்து உரிமம் உள்ள ஒயர்மேனை வரவழைத்தோம். மீட்டர் பக்கத்து மெயினிலிருந்து ஷெட்டுக்குத் தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், கூடவே பச்சை எர்த் ஒயர். ஷெட் கதவருகே கைக்கெட்டும் உயரத்தில் மூடி போட்ட சின்ன டி.பி. பாக்ஸ். உள்ளே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; அயர்ன் பாக்ஸுக்கு ஒரு எம்.சி.பி., மெசின்களுக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று. மெசின் லைனுக்கு 'சி' டைப் கேட்டு வாங்கினோம். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதைப் பொறுத்துக்கொள்கிற வகை அது. சாக்கெட்டுகள் மெசினுக்கு ஒன்றாக, மேலிருந்து பைப்பில் இறங்கின. தரையில் ஒயர் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பரணுக்குப் போயிற்று.

எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் பழைய பைப் துருப்பிடித்து உதிர்ந்தது. புதுசாகக் குழி எடுத்து பைப் இறக்கினோம். நம் பக்கத்து வறண்ட மண்ணில் கோடைக்கு எர்த் பலவீனமாகிவிடும். அவ்வப்போது தண்ணீர் ஊற்றவேண்டும். போர் பைப்பில் எர்த்தைக் கட்டுவது, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு ஒயரால் இணைப்பது என்று சிலர் குறுக்கு வழி சொல்வார்கள். இரண்டாவது மகா ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெசின் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

தையல் மெசின் இல்லை, ஷெட்டில் டிரில்லிங் மெசினும் கட்டிங் மெசினும் கம்ப்ரஸரும் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் இதே கணக்குதான். வாட்டைக் கூட்டுங்கள், 230-ஆல் வகுங்கள், ஒயர்மேனிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள்.

செலவு? பழைய ஓவர்லாக் ஒன்றின் விலைக்கும் கீழேதான் வந்தது. இன்னொன்றும் பாக்கி இருந்தது. வீட்டு இணைப்பில் கூலிக்குத் தைப்பது சரியில்லை. குடிசைத் தொழில், குறுந்தொழிலுக்கு 3-ஏ(1) என்று தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. லோடும் கூடியிருப்பதால் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்கச் சொன்னேன். "வீட்டுக்குக் குடுக்கற 100 யூனிட் அதுக்குக் கிடைக்காதேண்ணா" என்று முகம் சுளித்தாள். வீட்டு மீட்டர் தனியாக இருக்கும், அதற்குக் கிடைக்கும் என்றதும் சமாதானமானாள். கம்பத்திலிருந்தே கோளாறு என்றால் மின்னகம் 94987 94987-க்கு எந்நேரமும் கூப்பிடலாம் என்று டி.பி. மூடியில் எழுதியும் ஒட்டினேன்.

மாசம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிற வேலை பையனுடையது. டப்பென்று விழுந்தால் நல்லது, விழாவிட்டால் மாற்றவேண்டும்.

போன வாரம் மறுபடி போன். "அயர்ன் பாக்ஸ் சொருகினாலே அந்தப் பெட்டி விழுகுதுங்ண்ணா. முன்ன 32 மாட்டினாரே, அவரு இதைக் கழட்டிட்டா வேலை ஓடும்ங்கறாரு."

"அயர்ன் பாக்ஸைக் கழட்டும்மா" என்றேன்.

கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒயர் பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில், துணி உறைக்கு அடியில், ரப்பர் வெடித்துச் செம்பு வெளியே தெரிந்ததாம்.